கனகவீரக் குரத்தியாருக்கு வீடு இல்லையா?

வந்தவாசிப் பக்கம் ஒரு சமணக் குடும்பத்தில் பிறந்தவள் நான். எங்கள் ஆயா அட்டமி, சதுர்த்தசி தவறாமல் நோன்பிருப்பார். பொழுது சாய்ந்தபின் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். கிணற்று நீரைத் துணியில் வடிகட்டிய பிறகு, அந்தத் துணியை மறுபடியும் அதே கிணற்று நீரில் அலசிவிடுவார். துணியில் ஒட்டியிருக்கும் சிற்றுயிர்கள் தாம் பிறந்த நீருக்கே திரும்பிப் போக வேண்டும் என்பது அவர் கணக்கு. "இவ்வளவு நோன்பும் எதுக்கு ஆயா?" என்று கேட்டால், "அடுத்த பிறவியிலயாவது ஆம்பளையாப் பொறக்கணும் கண்ணு. அப்பத்தான் வீடு கிடைக்கும்" என்பார்.

அதில் ஒரு மனக்குறையும் தொனிக்காது. ஊரறிந்த உண்மையைச் சொல்வதுபோல நிதானமாகச் சொல்வார். கோயில் உபாத்தியாயர் அவருக்குச் சொன்னது அதுதான். நானும் அதைக் கேட்டே வளர்ந்தேன். தமிழாசிரியை வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், எங்கள் வட்டாரத்துக் கல்வெட்டுகளைப் பொறுமையாக உட்கார்ந்து படித்தேன். ஆயா வாழ்ந்த அதே மண்ணில், 1,100 ஆண்டுகளுக்கு முன்பே, பலருக்கு அறம் உரைத்த ஒரு பெண் துறவி இருந்திருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது. அவர் பெயர் கனகவீரக் குரத்தியார். குரவர் என்றால் ஆசிரியர். குரத்தி என்றால் ஆசிரியை. ஆயாவுக்கு யாரும் அவரைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், தன் பிறவியைப் பற்றி ஆயா வேறு மாதிரி நினைத்திருப்பார் என்றே நம்புகிறேன்.

பெண்ணுக்கு வீடுபேறு உண்டா என்ற கேள்வியைச் சமணம் அளவுக்கு விரித்து வாதாடிய சமயம் இந்தியாவில் வேறில்லை. உயிருக்கு ஆண், பெண் என்ற பேதம் கிடையாது என்பதில் சமணர் எல்லோரும் ஒன்றுபடுகிறார்கள். எறும்பின் உயிரும் அரசனின் உயிரும் இயல்பால் ஒன்றே. வினை நீங்கினால் அறியும் தன்மை முழுமையாக வெளிப்படும். நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம் என்ற மும்மணிகளே அதற்கு வழி. இவ்வளவும் ஒப்புக்கொண்ட பிறகு, பெண்ணின் உடம்போடு இருக்கும் உயிர் அந்த வழியின் கடைசிப் படியை ஏற முடியுமா என்ற இடத்தில் பிளவு வந்தது.

சுவேதாம்பரர் முடியும் என்றார்கள். பத்தொன்பதாம் தீர்த்தங்கரர் மல்லியே பெண்தான் என்பது அவர்கள் மரபு. எங்கள் திகம்பர மரபில் அவர் ஆண், மல்லிநாதர். திகம்பர ஆசிரியர்கள் முடியாது என்பதற்குச் சொன்ன காரணங்களில் மூன்று முக்கியமானவை. முழுத்துறவு என்றால் ஆடையும் துறக்க வேண்டும். பெண் ஆடையைத் துறக்க இயலாது. ஆகவே அவளுக்கு முழுத்துறவு இல்லை. இரண்டாவது, பெண்ணின் உடலில் நுண்ணுயிர்கள் தோன்றி மடிந்துகொண்டே இருப்பதால் கொல்லாமை அவளுக்கு முழுமையாக வாய்க்காது. மூன்றாவது விசித்திரமானது. ஏழாம் நரகம் வரை விழுமளவுக்குக் கொடிய தீமை செய்யும் ஆற்றல் பெண்ணுக்கு இல்லை. அவள் ஆறாம் நரகத்தோடு நின்றுவிடுவாள். அவ்வளவு ஆழம் விழ முடியாதவளால் அவ்வளவு உயரம் ஏறவும் முடியாது.

முதல் காரணத்தின் வேர் குந்தகுந்தர் பெயரில் வழங்கும் சூத்திரப் பாகுடத்தில் இருக்கிறது. வந்தவாசிக்குப் பக்கத்தில் உள்ள பொன்னூர் மலை குந்தகுந்தர் தவம் செய்த இடம் என்பது எங்கள் நம்பிக்கை. அங்குள்ள அவருடைய திருவடிகளை வணங்கியே வளர்ந்தவள் நான், இன்றும் வணங்குகிறேன். உயிரின் இயல்பைப் பற்றி அவர் சமயசாரத்தில் சொன்னதைவிட உயர்ந்த ஒன்றை நான் படித்ததில்லை. அந்த வணக்கத்தோடுதான் இந்தக் கேள்வியையும் கேட்கிறேன்.

மறுப்பு வெளியிலிருந்து வரவில்லை. யாப்பனீயர் என்றொரு சமணப் பிரிவு கன்னட நாட்டில் செழித்திருந்தது. அவர்களின் துறவியரும் திகம்பரரைப் போலவே ஆடை துறந்தவர்கள். ஆனால் பெண்ணுக்கு வீடு உண்டு என்றவர்கள். இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் (814–878) காலத்தில் வாழ்ந்த சாகடாயனர் அந்தப் பிரிவின் பெரும் இலக்கணப் புலவர். பெண்ணின் வீடுபேற்றை நிறுவவே ஸ்திரீநிர்வாணப் பிரகரணம் என்று தனி நூல் செய்தார். இலக்கணம் எழுதிய கைக்கே உரிய கறார் அதில் உண்டு. மும்மணிகளில் எந்த மணி பெண்ணிடம் இல்லை என்று காட்டுங்கள் என்பது அவருடைய முதல் கேள்வி. துறவி கையில் வைத்திருக்கும் மயிற்பீலி அவருடைய சொத்தாகாது; உயிர்களை விலக்கி நடப்பதற்கான கருவி என்று எல்லோரும் ஒப்புகிறோம்; அப்படியானால் பற்றில்லாமல் உடுத்தும் ஆடை மட்டும் எப்படிச் சொத்தாகும் என்றார்.

ஏழாம் நரக வாதத்தை அவர் அவிழ்க்கும் விதம் எனக்கு மிகவும் பிடித்தது. பறவை மூன்றாம் நரகம் வரையும், நாற்கால் விலங்கு நான்காவது வரையும், பாம்பு ஐந்தாவது வரையும் விழக்கூடும் என்று நம் நூல்களே சொல்கின்றன. ஆனால் மேலே போகும்போது இவை எல்லாம் ஒரே வானுலகம் வரை எட்டலாம் என்றும் அவையே சொல்கின்றன. விழும் ஆழம் வேறுவேறாக இருந்தும் ஏறும் உயரம் ஒன்றாகவே இருக்கிறதென்றால், ஆழத்தைக் கொண்டு உயரத்தை அளக்க முடியாது. பெரிய பாவம் செய்ய முடியாதது ஒரு குறை என்று வாதாடிய தருக்கத்தை அதன் சொந்தக் கணக்கை வைத்தே முறித்தார். பிற்காலத்தில், 11ஆம் நூற்றாண்டில், திகம்பர அறிஞர் பிரபாசந்திரர் இதற்கு விரிவான மறுப்பு எழுதினார். வாதம் அத்தோடு ஓயவில்லை.

இத்தனை நூல்களிலும் வாதாடியவர்கள் ஆண்கள். பெண் அங்கே வாதத்தின் பொருள். சாகடாயனர் வாழ்ந்த அதே நூற்றாண்டில் தமிழ்நாட்டுப் பாறைகளில் பெண் எப்படி இருந்தாள் என்று பார்க்க வேண்டும்.

வந்தவாசிப் பக்கத்து வேடல், பழைய பெயரில் விடால். அங்குள்ள குகைப்பாறையில் முதலாம் ஆதித்த சோழனின் 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது; ஏறத்தாழ கி.பி. 885. குணகீர்த்தி பட்டாரரின் மாணாக்கியாகக் கனகவீரக் குரத்தியார் அதில் வருகிறார். மாணாக்கர் 500 பேருக்கும் தவசியர் 400 பேருக்கும் இடையே பிணக்கு உண்டாக, குரத்தியாரையும் அவர் வழியினரையும் காத்து உணவு அளிக்கும் பொறுப்பை ஊரார் ஏற்கிறார்கள்.

இந்தக் கல்வெட்டை முதலில் படித்தபோது பிணக்கு என்ற செய்தி என்னை நிறுத்தியது. நாலு பேர் இருக்கும் மடத்தில் நடக்கும் மனத்தாங்கல் கல்லில் ஏறாது. ஊரே தலையிட்டு, கல்லில் வெட்டி வைத்துத் தீர்க்க வேண்டிய அளவுக்கு அது பெரிய நிறுவனம். சமணத் துறவியர் சேமித்து வைத்து உண்பதில்லை, சமைப்பதும் இல்லை. அன்றாடம் பிச்சை ஏற்று உண்ண வேண்டியவர்கள். அத்தனை பேருடைய ஒருவேளை உணவும் சுற்றியுள்ள வீடுகளின் அடுப்பிலிருந்து வர வேண்டும். அந்தச் சுமையை மனமுவந்து ஏற்கும்படி ஒரு பெண்ணின் சொல்லுக்கும் ஒழுக்கத்துக்கும் அங்கே மதிப்பு இருந்திருக்கிறது.

ஆற்காட்டுப் பக்கம் விளாப்பாக்கத்தில் இன்னொரு கல்வெட்டு. முதலாம் பராந்தகனின் 38ஆம் ஆட்சியாண்டு, கி.பி. 945. திருப்பான்மலை அரிட்டநேமி பட்டாரரின் மாணாக்கி பட்டினிக் குரத்தியடிகள் அங்கே ஒரு கிணறு எடுப்பித்தார். கிணற்றையும் அதை ஒட்டிய மனையையும் பெண்பள்ளியாக ஆக்கி, ஊர் இருபத்துநால்வரின் பொறுப்பில் விட்டார்கள். ஆற்காட்டு வெயில் தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். அந்த நிலத்தில் ஒரு பள்ளி நிலைத்து நிற்க வேண்டுமானால் முதலில் தண்ணீர் வேண்டும். கட்டடம் எழுப்புவதற்கு முன்னால் கிணற்றைப் பற்றி யோசித்தவர், அங்கே பெண்கள் வந்து தலைமுறை தலைமுறையாகத் தங்குவார்கள் என்று எதிர்பார்த்திருக்கிறார். பட்டினி என்ற அவர் பெயரே நோன்பால் வந்த பெயராக இருக்கும். எங்கள் ஆயா இருந்த அதே நோன்பு.

தெற்கே கன்னியாகுமரி மாவட்டத்துச் சிதறால் மலையின் பழைய பெயர் திருச்சாரணத்துமலை. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில் அங்குள்ள பட்டாரியாருக்குப் பொன்னணி வழங்கியவர் குணந்தாங்கிக் குரத்திகள். பேராயக்குடி அரிட்டநேமி பட்டாரரின் மாணாக்கி. அதே திருச்சாரணத்தின் பெயரைத் தாங்கிய குரத்தி ஒருவர், தூத்துக்குடி மாவட்டத்துக் கழுகுமலைப் பாறையிலும் வருகிறார். சமணத் துறவியர் வண்டி ஏறமாட்டார்கள். மேற்குமலையின் இந்தப் பக்கம், கரிசல் நிலத்து வெயிலில், மயிற்பீலியால் தரையை ஒற்றி ஒற்றி நடந்தே அவர் வந்திருக்க வேண்டும்.

கழுகுமலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் வெட்டுவான் கோயிலைப் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். சமணச் சிற்பங்கள் இருக்கும் பாறைமுகத்துக்கும் போக வேண்டும். முக்குடைக்குக் கீழே தீர்த்தங்கரர்கள் வரிசை வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். ஒவ்வோர் உருவத்தின் கீழும் வட்டெழுத்தில் ஓரிரு வரி: இன்ன ஊர் இன்னார் செய்வித்தது. எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டு எழுத்து. அந்தப் பெயர்களில் நால்கூர்க் குரத்திகள், மிழலூர்க் குரத்திகள், சங்கக் குரத்திகள், மம்மைக் குரத்திகள் என்று குரத்தியர் திரும்பத் திரும்ப வருகிறார்கள். இவர்கள் அரசன் மகளும் அல்லர், தளபதி மனைவியும் அல்லர். பெரும்பாலோருக்கு ஊரே பெயர். அந்தந்த ஊருக்கு அவர் ஆசிரியர். அவ்வளவு போதுமானதாக இருந்திருக்கிறது.

அதே பாறையில் பாகுபலியின் சிற்பத்தைக் கிட்டப் போய்ப் பார்த்திருக்கிறேன். அசையாமல் தவம் நின்றவர் மேனியில் கொடி படர்ந்திருக்கிறது. இரு புறமும் இரண்டு பெண்கள், தங்கையர் பிராமியும் சுந்தரியும். ரிஷபதேவர் எழுத்தையும் எண்ணையும் முதன்முதலில் சொல்லிக்கொடுத்தது இந்த இரு மகள்களுக்குத்தான் என்பது சமண மரபு. ஓராண்டு முழுக்கத் தவம் செய்தும் பாகுபலிக்கு ஞானம் கூடவில்லை. கடைசியாக இருந்த தற்பெருமையை உணர்த்தியவர்கள் அந்தத் தங்கையர் என்று சுவேதாம்பரர் கதை சொல்கிறது. வீடு பெறுபவனுக்கு வழிகாட்டும் பெண்ணை இந்தச் சமயம் சிற்பத்திலும் கதையிலும் ஏற்றது. நீலகேசியில் புத்தர் முதல் பூதவாதி வரை எல்லோரையும் வாதில் வெல்பவளாக ஒரு பெண்ணைப் படைத்தது. அவள் தானே வீடு பெறுவாள் என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

பௌத்தத்திலும் இதே தயக்கம் உண்டு. மணிமேகலை வஞ்சியில் சமயக் கணக்கர் கருத்துகளைக் கேட்க ஆண் தவசியின் வேடம் பூண்கிறாள். இனி வரும் பிறவிகளில் ஆணாகப் பிறந்து புத்தரின் முதல் மாணாக்கனாவாய் என்று கந்திற்பாவை அவளுக்கு வருவது உரைக்கிறது. அறவண அடிகளிடம் தருக்கம் கற்றவளுக்குக் கிடைத்த வாக்கும் ஆயா வேண்டியதும் ஒன்றுதான்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். கற்பிப்பது வேறு, கரையேறுவது வேறு. பள்ளி நடத்தினார்கள் என்பதால் அவர்கள் வீடு பெற்றார்கள் என்று ஆகிவிடுமா? ஆகாது. ஆனால் நம் நூல்களே சொல்லும் இன்னொரு செய்தியையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். மகாவீரருக்குப் பின், ஜம்பு சுவாமியோடு, இந்தக் காலத்தில் இந்தப் பூமியிலிருந்து வீடு பெறுவது முடிந்துவிட்டது என்பது திகம்பரர், சுவேதாம்பரர் இரு சாராரும் ஒப்பிய கொள்கை. இப்போது நடப்பது ஐந்தாம் காலம். இதில் ஆணுக்கும் நேரடி வீடு இல்லை. குந்தகுந்தரும் இன்னொரு பிறவி எடுத்துத்தான் ஆக வேண்டும். கனகவீரக் குரத்தியாரும் அப்படியே. எந்த ஆணுக்கும் திறக்காத ஒரு கதவு பெண்ணுக்குத் திறக்காது என்று நூற்றாண்டுக் கணக்கில் எழுதியிருக்கிறோம்.

அப்படியானால் அந்த வாதத்தால் விளைந்தது என்ன? வானுலகில் அது ஒன்றையும் மாற்றவில்லை; மண்ணில் நிறைய மாற்றியது. யார் மேலே உட்காருவது, யார் யாரை வணங்குவது, யாருடைய துறவை முழுத்துறவு என்றும் யாருடையதை உபசாரத்துக்குத் துறவு என்றும் சொல்வது என்பதையெல்லாம் அது தீர்மானித்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, யாருடைய பெயர் குருபரம்பரையில் ஏறும் என்பதையும் தீர்மானித்தது. குணகீர்த்தி பட்டாரரின் மாணாக்கி என்று தன் ஆசிரியர் பெயரைச் சொல்லிக்கொண்ட குரத்தியாரை, என் ஆசிரியர் என்று சொல்லி வழிவழியாக வணங்கும் ஒரு பரம்பரை இன்று நம்மிடம் இல்லை. வீடுபேறு பற்றிய கொள்கை, மறதிக்கு ஒரு காரணமாகப் பயன்பட்டுவிட்டது.

மறதி சமயத்தோடு நிற்கவில்லை. போளூரை அடுத்த திருமலையில் முதலாம் ராசேந்திர சோழன் கல்வெட்டு ஒன்று புகழ்பெற்றது. கங்கை வரை சென்ற படையெடுப்பைச் சொல்லும் மெய்க்கீர்த்திக்காக அதை வரலாற்று மாணவர்கள் எல்லோரும் படிப்பார்கள். அந்தக் கல்வெட்டு எதற்காக வெட்டப்பட்டது என்று கேட்டால் பலருக்கும் தெரியாது. மல்லியூர் வணிகன் நன்னப்பயன் மனைவி சாமுண்டப்பை, அங்குள்ள குந்தவை ஜினாலயத்துக்கு விளக்கும் அமுதுபடியும் வைத்த அறத்தைப் பதிவு செய்யவே அது வெட்டப்பட்டது. அந்தப் பெண்ணின் விளக்கு இல்லையென்றால் அந்த மெய்க்கீர்த்தி அந்தப் பாறையில் இல்லை. நாம் அரசனின் வரிகளை எடுத்துக்கொண்டு அவளுடைய வரிகளை விட்டுவிட்டோம். கோயிலைக் கட்டிய குந்தவையை அரசகுலத்தவர் என்பதால் தமிழுலகம் அறியும். சிலப்பதிகாரத்துச் சமணத் துறவி கவுந்தியடிகளை இளங்கோ பாடியதால் அறியும். அரசும் காவியமும் துணைக்கு வராத குரத்தியரை, பாறையே பெயர் சொல்லி நின்றும் அறியவில்லை.

குரத்தியர் இவ்வளவு பேர் இருந்ததற்கு யாப்பனீயரின் செல்வாக்கு காரணமாகலாம் என்று கருதிய ஆய்வாளர்களும் உண்டு. எந்தப் பிரிவாக இருந்தாலும், எனக்கு முக்கியமானது அவர்கள் விட்டுச்சென்ற சான்று. மும்மணிகளில் நல்லொழுக்கம் என்பது கண்ணுக்குத் தெரிவது. ஊர் பார்த்து ஒப்புவது. வேடல் ஊரார் பார்த்து ஒப்பினார்கள். விளாப்பாக்கத்து இருபத்துநால்வர் ஒப்பினார்கள். சாகடாயனர் கேட்ட கேள்விக்கு, பெண்ணிடம் எந்த மணியும் குறையவில்லை என்ற விடையை அந்த ஊர்க் குடியானவர்கள் தங்கள் அரிசியைக் கொடுத்துச் சொன்னார்கள். நான் அந்த ஊராரின் பக்கம். உயிரின் தகுதியை அது உடுத்தியிருக்கும் உடம்பிலும் துணியிலும் தேடுவது, உயிர் வேறு உடல் வேறு என்று நமக்குக் கற்பித்தவர்களின் சொல்லுக்கே முரண்.

எங்கள் நயினார் குடும்பங்களுக்கும் கோயில் உபாத்தியாயர்களுக்கும் ஒரு வேண்டுகோள். காலையில் ஆசாரியர் பெயர்களைச் சொல்லி வணங்கும்போது கனகவீரக் குரத்தியார், பட்டினிக் குரத்தியடிகள், குணந்தாங்கிக் குரத்திகள் என்ற மூன்று பெயர்களையும் சேர்த்துச் சொல்லுங்கள். நோன்பிருக்கும் பெண்பிள்ளைகள் காது கேட்கச் சொல்லுங்கள். தமிழாசிரியர்களுக்கும் ஒன்று: கவுந்தியடிகளைப் பாடமாக நடத்தும் நாளில், அவரைப்போல் உண்மையில் வாழ்ந்தவர்களின் பெயர்கள் வேடலிலும் விளாப்பாக்கத்திலும் சிதறாலிலும் கழுகுமலையிலும் இருக்கின்றன என்று மாணவர்களிடம் சொல்லுங்கள். முடிந்தால் ஒருமுறை அழைத்துப் போய் அந்த எழுத்துகளைக் காட்டுங்கள். ஆணாகப் பிறந்தால்தான் வீடு என்று நம்பி நோன்பிருக்கும் கடைசித் தலைமுறை எங்கள் ஆயாவின் தலைமுறையாக இருக்கட்டும்.